நம்ம கையில் இருப்பது எது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் "மன அமைதி" என்ற தலைப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு மன அமைதி. இந்தத் தலைப்புன்னா தியானம், மூச்சுப் பயிற்சி, காலையில் நடக்கிறது இதையெல்லாம் சொல்லுவாங்க. எல்லாம் நல்லதுதான். ஆனா நாளைக்குத் தவணை, கையில் பத்து ரூபாய் இல்லை, படுத்தா தூக்கம் வரலைன்னு சொல்ற ஒரு அம்மாகிட்ட போய் மூச்சை நல்லா இழுத்து விடுங்கன்னு சொன்னா, அவங்க என்னை ஒரு மாதிரிதான் பார்ப்பாங்க. அதனால நான் இன்னைக்கு வேற ஒரு விஷயம் பேசலாம்னு வந்திருக்கேன். நம்ம ஊர் விஷயம் இல்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கிரேக்க நாட்டிலும் ரோமாபுரியிலும் இருந்தவங்க சொன்ன விஷயம். ஸ்டோயிக் தத்துவம்னு அதுக்குப் பேர். தத்துவம்னதும் யாரும் எழுந்து போயிடாதீங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. எனக்குப் புரிஞ்ச அளவுக்குத்தான் சொல்லப் போறேன். நூலகத்தில் எடுத்துப் படிச்சதும், சமையல் செய்யும்போது போனில் போட்டுக் கேட்டதும்தான் எனக்கு இதில் படிப்பு.

ஸ்டோயிக் என்கிற பேர் எப்படி வந்ததுன்னு முதல்ல சொல்லிடறேன். சைப்ரஸ் தீவில் சீனோன்னு ஒரு வியாபாரி. துணிக்குப் போடும் ஊதாச் சாயம் ஏத்திக்கிட்டுக் கப்பலில் போனார். அந்தக் காலத்தில் அந்தச் சாயம் ரொம்ப விலை உசந்த சரக்கு. கப்பல் கவிழ்ந்து போச்சு. மொத்த முதலும் கடலில். மனுஷன் எப்படியோ ஏதென்ஸ் பட்டணத்துக்கு வந்து சேர்ந்து, ஒரு புத்தகக் கடையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சார்னு சொல்றாங்க. அப்புறம் பல வருஷம் பெரியவங்ககிட்டப் பாடம் கேட்டுட்டு, தானே மத்தவங்களுக்குச் சொல்ல ஆரம்பிச்சார். தனியாப் பள்ளிக்கூடம் கட்டலை. கடைவீதி ஓரமா தூண் வரிசையோட, சுவரெல்லாம் சித்திரம் வரைஞ்ச ஒரு பெரிய தாழ்வாரம் இருந்தது. அங்கே நின்னுக்கிட்டே சொல்லிக் கொடுத்தார். அந்தத் தாழ்வாரத்துக்கு அவங்க பாஷையில் ஸ்டோவான்னு பேர். அதில் இருந்துதான் ஸ்டோயிக். நம்ம திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரின்னு வச்சுக்குங்களேன். இது நடந்தது கி.மு. 300 வாக்கில்.

சீனோவுக்குப் பிறகு அந்தத் தாழ்வாரத்துக்குத் தலைமை ஏத்தவர் கிளியாந்தஸ். இவர் ராத்திரியில் தோட்டங்களுக்குத் தண்ணி இறைச்சுக் கூலி வாங்கி, பகலில் பாடம் கேட்டவர். தண்ணி சுமக்கிறவர்னே அவரைக் கூப்பிட்டாங்களாம். நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பேர் பொருந்தும்னு பார்த்துக்குங்க.

இவங்களை எல்லாம் விட எனக்கு நெருக்கமா இருக்கிறவர் எபிக்டெட்டஸ். இவர் பிறவியிலேயே அடிமை. இப்ப துருக்கின்னு சொல்ற நாட்டில் கி.பி. 50 வாக்கில் பிறந்தவர். ரோமாபுரியில் நீரோ மன்னனுக்குச் செயலாளரா இருந்த ஒரு பணக்காரருக்கு அடிமை. அந்த எசமானே ஒரு காலத்தில் அடிமையா இருந்து விடுதலை ஆனவர்தான், அது ஒரு வேடிக்கை. எபிக்டெட்டஸுக்குக் கால் ஊனம். எசமான் திருகி உடைச்சிட்டார்னு ஒரு கதை இருக்கு. நோயில் வந்ததுன்னும் சொல்றாங்க. பிறகு விடுதலை கிடைச்சு, பாடம் சொல்ல ஆரம்பிச்சார். டொமிஷியன்னு ஒரு பேரரசன் வந்து, தத்துவம் பேசறவங்க யாரும் ரோமாபுரியில் இருக்கக்கூடாதுன்னு விரட்டிவிட்டான். அவர் கிரேக்கத்தில் நிக்கோபொலிஸ்னு ஒரு ஊருக்குப் போய் அங்கே பள்ளிக்கூடம் வச்சார். தன் கையால் ஒரு வரிகூட எழுதினவர் இல்லை. ஆரியன்னு ஒரு மாணவர் அவர் பேசினதை எல்லாம் எழுதி வச்சதால்தான் நமக்குக் கிடைச்சிருக்கு. அதையே சுருக்கி ஒரு சின்னக் கையேடாவும் போட்டார்.

அந்தக் கையேட்டின் முதல் பாடமே இதுதான். உலகத்தில் இருக்கிற விஷயங்களை இரண்டாப் பிரிக்கணும். நம்ம கையில் இருப்பது ஒண்ணு, நம்ம கையில் இல்லாதது ஒண்ணு. நம்ம கையில் இருப்பது எதுன்னு கேட்டா, ஒரு விஷயத்தை நாம் எப்படி நினைக்கிறோம், எதை விரும்புறோம், எதை வேண்டாம்னு ஒதுக்குறோம், என்ன செய்யப் புறப்படுறோம் இவ்வளவுதான். கையில் இல்லாதது எதுன்னா உடம்பு, சொத்து, ஊரில் நம்ம பேர், பதவி. உடம்புகூட நம்ம கையில் இல்லையான்னு கேட்பீங்க. காய்ச்சல் வரும்போது நம்மைக் கேட்டுக்கிட்டா வருது? ஊரார் பேசறதும் அப்படித்தான். நான் ஒழுங்கா இருக்கலாம். நாலு பேர் என்னை ஒழுங்கானவன்னு சொல்லணும்கிறது அந்த நாலு பேர் வாயில் இருக்கு.

நம்ம தூக்கம் கெடறது எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவது பக்கத்தில்தான். கையில் இல்லாததைக் கையில் பிடிக்கப் பார்க்கிறோம். கையில் இருக்கிறதை விட்டுடறோம்.

ஒரு உதாரணம் சொல்றேன். போன வருஷம் எங்க குழு வங்கிக் கடனுக்கு விண்ணப்பம் போட்டோம். சேமிப்பு சரியா இருந்தது, தீர்மான நோட்டு சரியா இருந்தது, உள்கடன் எல்லாம் ஒழுங்கா வசூல் ஆகியிருந்தது. கடன் வர்ற நேரத்தில் மேலாளர் மாறிட்டார். புதுசா வந்தவர் எல்லாத்தையும் முதலில் இருந்து கொண்டுவாங்கன்னுட்டார். குழுவில் பாதிப் பேர் சாபம் விட்டாங்க. ஒரு அக்கா நான் குழுவை விட்டே போறேன்னுட்டாங்க. இன்னொருத்தங்க விதைக்குச் சொல்லி வச்சிருந்தாங்க, அவங்களுக்கு அழுகையே வந்துடுச்சு. நான் அன்னைக்கு நோட்டில் ஒரு கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதினேன். மேலாளர் மாறினது, புதுசா வந்தவர் குணம், கடன் வர்ற தேதி இதெல்லாம் வலது பக்கம். நகல் எடுக்கிறது, திங்கட்கிழமையே போய் நிக்கிறது, விதைக்குச் சொன்ன அக்காவுக்குக் குழுவின் உள்கடனில் இருந்து கொஞ்சம் கொடுக்க முடியுமான்னு கூட்டத்தில் வைக்கிறது இதெல்லாம் இடது பக்கம். இடது பக்கத்தில் மூணு வேலை இருந்தது. மூணையும் செஞ்சோம். கடன் இரண்டு மாசம் கழிச்சு வந்தது. வராமலே போயிருந்தாலும் அந்த மூணு வேலையும் சரியான வேலைதான்.

இதுக்கு ஸ்டோயிக் ஆட்கள் ஒரு வில்லாளியை உவமை சொல்லுவாங்க. வில்லை நல்லா இழுக்கலாம், குறியை நல்லாப் பார்க்கலாம், பதறாம விடலாம். விட்ட பிறகு அம்பு அவன் கையில் இல்லை. நடுவில் காத்து அடிக்கலாம், மான் நகர்ந்துடலாம். நல்லா விட்டானாங்கிறதுதான் அவன் கணக்கு. இது சோம்பேறிக்குச் சொன்னது இல்லைங்க. குறி பார்க்காம கண்ணை மூடிக்கிட்டு விட்டுட்டு, எல்லாம் காத்து செஞ்சதுன்னு சொல்றவனுக்கு இதில் இடமே கிடையாது.

எபிக்டெட்டஸ் பத்தி ஒரு விளக்குக் கதை இருக்கு. வீட்டில் சாமி இடத்துப் பக்கத்தில் ஒரு இரும்பு விளக்கு வச்சிருந்தார். ஒரு நாள் சத்தம் கேட்டு இறங்கி வந்து பார்த்தா விளக்கைக் காணோம், திருடன் தூக்கிக்கிட்டுப் போயிட்டான். மனுஷன் என்ன நினைச்சார்னா, அவனுக்கும் அந்த விளக்கு மேல ஆசை வந்திருக்கு, சரி, நாளைக்கு ஒரு மண் விளக்கு வாங்கிக்கலாம். அவ்வளவுதான். அதோட விடலை. ஒரு விளக்குக்காக அவன் திருடன் ஆயிட்டான், நான் இழந்ததை விட அவன் இழந்தது அதிகம்னு மாணவர்கள்கிட்டச் சொன்னார். இதில் இன்னொரு வேடிக்கை. அவர் செத்த பிறகு அந்த மண் விளக்கை மூவாயிரம் வெள்ளிக்காசு கொடுத்து ஒருத்தர் வாங்கினாராம், அந்த வெளிச்சத்தில் படிச்சா எபிக்டெட்டஸ் புத்தி வந்துடும்னு. லூசியன்னு ஒரு எழுத்தாளர் இதைச் சொல்லிச் சிரிச்சிருக்கார்.

அவர் சொன்னதில் தினப்படிக்கு எனக்கு உதவுறது குளியல் கூடத்துப் பாடம். அந்தக் காலத்தில் ரோமாபுரி ஆட்சியில் ஊருக்குப் பொதுவான குளியல் கூடம் உண்டு. அங்கே போறதுக்கு முன்னாடியே அங்கே என்னென்ன நடக்கும்னு மனசில் ஓட்டிப் பார்த்துக்கணும்னார். ஒருத்தன் தண்ணியை வாரி அடிப்பான், ஒருத்தன் இடிப்பான், ஒருத்தன் திட்டுவான், ஒருத்தன் துணியைத் திருடுவான். இதெல்லாம் நடக்கும்னு தெரிஞ்சே போறேன். நான் குளிக்கவும் போறேன், என் நிதானத்தைக் காப்பாத்திக்கவும் போறேன். இரண்டும் என் வேலைன்னு முதலிலேயே சொல்லிக்கணும்னார்.

இதை ரேஷன் கடைக்குப் போட்டுப் பாருங்க. கைரேகை விழாது, சர்வர் வேலை செய்யலைன்னு சொல்லுவாங்க, எண்ணெய் தீர்ந்து போச்சும்பாங்க, வரிசையில் நடுவில் ஒருத்தங்க பையை வச்சு நுழைவாங்க. இதெல்லாம் போன மாசமும் நடந்தது, அதுக்கு முந்தின மாசமும் நடந்தது. ஆனா ஒவ்வொரு மாசமும் புதுசா நடந்த மாதிரி நமக்குக் கோபம் வருது. வீட்டில் இருந்து கிளம்பும்போதே இவ்வளவும் இருக்கும்னு ஒரு தரம் சொல்லிக்கிட்டுப் போய்ப் பாருங்க. எண்ணெய் இல்லாட்டி இல்லைதான். இரத்தக் கொதிப்பாவது மிச்சம். அளவு குறைஞ்சா கேட்கிறதைக் கேளுங்க, புகார் எண்ணுக்கு அடிக்கிறதை அடிங்க, அது இடது பக்கத்து வேலை.

அந்த எபிக்டெட்டஸ் பாடத்தைப் படிச்சு வளர்ந்தவர்தான் மார்க்கஸ் ஆரேலியஸ். இவர் அடிமை இல்லை, 161 முதல் 180 வரை ரோமாபுரிக்கே பேரரசர். அடிமை சொன்னதைச் சக்கரவர்த்தி பாடம் படிச்சிருக்கார் பாருங்க. போர், நாடு முழுக்கக் கொள்ளை நோய், எல்லாத்தையும் பார்த்தவர். டான்யூப் ஆத்துப் பக்கம் படை முகாமில் இருந்துக்கிட்டுத் தனக்குத் தானே எழுதி வச்ச குறிப்புகள் இன்னைக்கும் இருக்கு. விடிஞ்சதும் தனக்குச் சொல்லிக்க ஒரு குறிப்பு எழுதியிருக்கார். இன்னைக்கு நான் தலையிடறவங்களை, நன்றி இல்லாதவங்களை, பொறாமைக்காரங்களைப் பார்க்கப் போறேன், ஆனா அவங்களும் என் இனம்தான், வாயில் மேல் பல்லும் கீழ்ப்பல்லும் போல நாங்க சேர்ந்து வேலை செய்யப் பிறந்தவங்கன்னு. பேரரசருக்கே இதுதான் நிலைமைன்னா, குழுக் கூட்டம் நடத்துற ஊக்குநர் அக்காவுக்கு எப்படி இருக்கும்!

இன்னொண்ணு, கைப்பிடி. எந்த விஷயத்துக்கும் இரண்டு கைப்பிடி உண்டு, ஒண்ணைப் பிடிச்சா தூக்க முடியும், ஒண்ணைப் பிடிச்சா தூக்க முடியாதுன்னு எபிக்டெட்டஸ் சொல்றார். அண்ணன் உனக்குத் துரோகம் செஞ்சா, துரோகம்கிற பக்கம் பிடிக்காதே, அது தூக்க வராது. கூடப் பிறந்தவன், ஒண்ணா வளர்ந்தவன்கிற பக்கம் பிடின்னார். சொத்துத் தகராறில் பத்து வருஷமாப் பேசாம இருக்கிற அண்ணன் தங்கச்சி இந்தக் கூட்டத்திலேயே எத்தனை வீட்டில் இருக்காங்கன்னு நான் கேட்கப் போறதில்லை. பங்கை விட்டுக்கொடுங்கன்னும் சொல்லலை. 1989-லேயே தமிழ்நாட்டில் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டுன்னு சட்டம் வந்தாச்சு. பங்கைக் கேட்கும்போது எந்தக் கைப்பிடியில் பிடிச்சுக் கேட்கிறோம்கிறதுதான்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். இதை எல்லாம் எங்க குழுவில் ஒரு நாள் பேசினப்ப, ஒரு வயசான அம்மா பட்டுன்னு கேட்டாங்க. "ஏண்டி, இதைத்தானே எங்க அம்மாவும் சொன்னா, மாமியாரும் சொன்னா. பொறுத்துப் போ, வாயை மூடு, உன் கையில் என்ன இருக்குன்னு. இதுக்குக் கிரேக்க நாட்டுக்காரன் வேற வந்து சொல்லணுமா?"

நல்ல கேள்விங்க. அன்னைக்கு அவங்களுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்றேன். "பொறுத்துப் போ"ங்கிறது மத்தவங்க நமக்குச் சொல்றது. அவங்க வசதிக்காகச் சொல்றது. நாம் வாயை மூடினா அவங்களுக்கு வீடு அமைதியா இருக்கும். அதை நம்ம அமைதின்னு பேர் வச்சுட்டாங்க. ஸ்டோயிக் பாடம் அப்படி இல்லை. இது ஒருத்தர் தனக்குத் தானே சொல்லிக்கிறது. அடுத்தவங்களைப் பார்த்து "நீ ஸ்டோயிக்கா இரு"ன்னு சொன்னா அது இந்தப் பாடமே இல்லை. அவங்க நாலு குணத்தைத் தலையானதுன்னு வச்சிருந்தாங்க. விவேகம், தைரியம், நியாயம், அடக்கம். நமக்குச் சொல்லிக் கொடுக்கிறவங்க நாலாவதை மட்டும் எடுத்துக் கொடுத்துட்டு மூணை அவங்க வச்சுக்கிட்டாங்க. நாலும் சேர்ந்தாத்தான் பாடம்.

எபிக்டெட்டஸ் தன் பள்ளிக்கூடத்தில் சொன்ன ஒரு சம்பவம் கேளுங்க. ரோமாபுரியில் செனட்னு ஒரு பெரிய சபை. அதில் ஹெல்விடியஸ் பிரிஸ்கஸ்னு ஒரு உறுப்பினர், ஸ்டோயிக் வழியில் போனவர். வெஸ்பாசியன் பேரரசர் அவருக்கு ஆள் அனுப்பி, நீ சபைக்கு வராதேன்னார். என்னை உறுப்பினரா வைக்கிறதும் நீக்கறதும் உங்க கையில் இருக்கு, உறுப்பினரா இருக்கிற வரைக்கும் நான் வந்தாகணும்னு இவர் பதில் சொன்னார். சரி வா, வாயைத் திறக்காதேன்னார். என்னைக் கருத்துக் கேட்காதீங்க, நான் பேசலைன்னார். கேட்கிறது என் கடமை. அப்ப நியாயம்னு படறதைச் சொல்றது என் கடமை. சொன்னா கொன்னுடுவேன். நான் சாகாவரம் வாங்கினவன்னு உங்ககிட்ட எப்பச் சொன்னேன், கொல்றது உங்க பங்கு, நடுங்காமச் சாகறது என் பங்குன்னார். கடைசியில் அவரை நாடு கடத்தினாங்க, கொன்னும் போட்டாங்க.

இந்த ஆளைப் பார்த்தா பொறுத்துப் போன ஆள் மாதிரியா தெரியுது? ராஜா என்ன செய்வார்கிறது அவர் கையில் இல்லை. அதை அவர் வலது பக்கம் எழுதிட்டார். சபைக்குப் போறதும் பேசறதும் இடது பக்கம். அதை யார் சொல்லியும் அவர் விடலை. நம்ம கிராம சபைக்கு இதைக் கொண்டு வாங்க. போன தடவை தண்ணித் தொட்டி பத்தி ஒரு சகோதரி எழுந்தப்ப, "பொம்பளைங்க எல்லாம் உட்காருங்க"ன்னு ஒரு குரல் வந்தது. அந்தக் குரல் வர்றது அவங்க கையில் இல்லை. உட்கார்றதா, பேசி முடிக்கிறதாங்கிறது அவங்க கையில். பேசி முடிச்சுத்தான் உட்கார்ந்தாங்க.

அதே மாதிரி வீட்டில் அடி உதை நடந்தா, புருஷன் குணம் என் கையில் இல்லை, அதனால் அமைதியா இருக்கேன்னு யாரும் இந்தப் பாடத்தைத் திருப்பிப் பிடிச்சுடாதீங்க. அவர் குணம் நம்ம கையில் இல்லைதான். 181-க்குப் போன் போடறது நம்ம கையில் இருக்கு. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டறது நம்ம கையில் இருக்கு. குழுவில் சொல்றது நம்ம கையில் இருக்கு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-லேயே வந்துடுச்சு. இதைச் சொல்லும்போது யாரும் குனிய வேண்டாம், நான் யாரையும் பார்த்துச் சொல்லலை.

எபிக்டெட்டஸுக்குப் பாடம் சொன்ன வாத்தியார் முசோனியஸ் ரூஃபஸ். இவரைப் பத்தி நம்ம கூட்டத்தில் சொல்லாம போனா தப்பு. பெண்களும் தத்துவம் படிக்கணுமான்னு அவர்கிட்டக் கேட்டாங்க. ஆணுக்குக் கொடுத்த அதே அறிவைத்தான் தெய்வம் பெண்ணுக்கும் கொடுத்திருக்கு, நல்லது கெட்டது பிரிச்சுப் பார்க்கிற புத்தி இரண்டு பேருக்கும் ஒண்ணுதான், மகனுக்குச் சொல்லிக் கொடுக்கிற நற்குணத்தை மகளுக்கும் சொல்லிக் கொடுக்கணும்னு பதில் சொன்னார். ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷத்துக்கும் முன்னாடிங்க! ஆனா அப்படிப் படிச்ச பெண் வீட்டை நல்லா நடத்துவா, பிள்ளைக்குத் தானே பால் கொடுப்பா, வேலைக்கு அஞ்சமாட்டான்னும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கார். அங்கேயும் படிப்பும் நம்ம தலையில், பாத்திரமும் நம்ம தலையில்.

ஸ்டோயிக்னா அழக்கூடாது, கல்லு மாதிரி இருக்கணும்னு ஒரு பேச்சு இருக்கு. அது சரியில்லை. மார்க்கஸ் ஆரேலியஸ் சின்ன வயசில், தன்னை வளர்த்த வாத்தியார் இறந்தப்ப அழுதார். அரண்மனை ஆட்கள் அடக்கப் பார்த்தாங்க. அவரைத் தத்து எடுத்த அரசர், அழ விடுங்க, அவனும் மனுஷன்தானே, தத்துவமும் ராஜ்ஜியமும் வந்து பாசத்தை எடுத்துடாதுன்னாராம். அந்த மார்க்கஸுக்குப் பன்னிரண்டுக்கு மேல பிள்ளைங்க பிறந்து, பாதிக்கு மேல அவர் கண்ணு முன்னாடியே போயிடுச்சுங்க. அப்படிப்பட்டவர் எழுதின குறிப்பைத்தான் நாம் அமைதிக்குன்னு படிக்கிறோம்.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கு எபிக்டெட்டஸோட ஒத்துப்போகலை. உனக்குப் பிடிச்ச பானை உடைஞ்சா, பானைதானே உடையும்னு நினைச்சுக்கோங்கிறார். சரி. அதே மூச்சில், பிள்ளைக்கு முத்தம் கொடுக்கும்போதும் இது சாகப்போற உயிர்னு நினைச்சுக்கோங்கிறார். ஏதாவது ஆயிட்டா தாங்கிக்கலாம்கிறதுக்காகச் சொல்றார், புரியுது. ஆனா பெத்தவளால் அப்படி நினைச்சு ஒரு வாய் சோறு ஊட்ட முடியாதுங்க. அவருக்குக் கல்யாணம் ஆகலை. ஆனா ரொம்ப வயசான பிறகு, பெத்தவங்க வறுமையால் கைவிடப் பார்த்த ஒரு குழந்தையை எடுத்துக்கிட்டார், அதை வளர்க்க ஒரு பெண்ணையும் வீட்டில் வச்சுக்கிட்டார்னு படிச்சேன். அந்தக் குழந்தை கழுத்தைக் கட்டிக்கிட்ட பிறகும் அந்தப் பாடத்தை அப்படியே சொல்லியிருப்பாரான்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கடைசியா செனகா. பெரிய பணக்காரர், நீரோவுக்கு வாத்தியார், மந்திரி மாதிரி. நம்ம கூட்டத்தில் இவரைப் பத்தி ஒரு கணக்குச் சொல்லியாகணும். எளிமையா வாழணும்னு எழுதினவர், வட்டிக்கும் விட்டவர். பிரிட்டன் தீவில் பெருந்தொகையைக் கடனாக் கொடுத்துட்டு, திடீர்னு மொத்தமாத் திருப்பிக் கேட்டார், அங்கே கலகம் வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்னு டியோங்கிற வரலாற்று ஆசிரியர் எழுதி வச்சிருக்கார். அந்தக் கலகத்துக்குத் தலைமை தாங்கினது ஒரு பெண், பூடிக்கான்னு ஒரு ராணி. வாரத் தவணை வசூலுக்கு வாசலில் வந்து நிக்கிறவங்களை நமக்குத் தெரியும், அதனால் இது நமக்கு நல்லாவே புரியும். ஆனா அதுக்காக அவர் சொன்ன நல்லதை விட்டுட வேண்டாம். அவர் தினமும் ராத்திரி ஒரு கணக்குப் பார்த்தார். விளக்கை அணைச்ச பிறகு, அவர் வழக்கம் தெரிஞ்ச மனைவி பேசாம இருப்பாங்களாம். அன்னைக்குச் செஞ்சது, பேசினது எல்லாத்தையும் ஒண்ணு விடாம மறுபடி ஓட்டிப் பார்ப்பார். இன்ன இடத்தில் அதிகமாப் பேசிட்டேன், இனிமே வேண்டாம், இந்தத் தடவை போகட்டும்னு தன்னைத் தானே மன்னிச்சுடுவார். தன்னைத் திட்டிக்கிட்டே படுக்கிறது இல்லை.

நமக்குக் கணக்கு எழுதறது ஒண்ணும் புதுசு இல்லைங்க. சேமிப்பு, கடன், வட்டி, அபராதம்னு மாசா மாசம் எழுதறோம். ஒரு ரூபாய் இடிச்சாலும் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உட்கார்ந்து கண்டுபிடிக்கிறோம். அதே கையால் இன்னொரு நோட்டு போடலாம். நான் பிள்ளைங்க எழுதி மிச்சம் வச்ச பழைய நோட்டைத்தான் வச்சிருக்கேன். பாத்திரம் கழுவி முடிச்சு, அடுப்படியில் உட்கார்ந்து பத்து நிமிஷம். நடுவில் கோடு. சில நாள் வலது பக்கம் நிறைஞ்சு அடுத்த பக்கத்துக்குப் போகும், இடது பக்கம் ஒரே வரி இருக்கும். "நாளைக்கு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கணும்"னு. அந்த ஒரு வரியைப் பார்த்துட்டுப் படுத்தா எனக்குத் தூக்கம் வருது. எழுதத் தெரியாதவங்க பக்கத்தில் இருக்கிறவங்ககிட்டச் சொல்லுங்க, அவங்க எழுதட்டும். எபிக்டெட்டஸுக்கும் மாணவர்தானே எழுதினார்.

ஆல்பர்ட் எல்லிஸ்னு ஒரு அமெரிக்க உளவியல் நிபுணர், 1950-களில் ஆலோசனை கொடுக்கிற ஒரு புது முறையைக் கொண்டுவந்தப்ப, இதுக்கு வேர் எபிக்டெட்டஸ்கிட்ட இருக்குன்னு தானே சொல்லியிருக்கார். அதனால் இது பழங்கதை மட்டும் இல்லை. ஆனா மாசக் கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கலை, உயிரோட இருக்கவே பிடிக்கலைன்னு இருந்தா, நோட்டில் கோடு போட்டுக்கிட்டு உட்காராதீங்க. அரசு மருத்துவமனையில் மனநல டாக்டரைப் பாருங்க. கூட வர ஆள் இல்லைன்னா நம்ம குழுவில் யாராவது ஒருத்தர் வருவோம்.

அடுத்த மாசக் கூட்டத்தில், சேமிப்பு வசூல் முடிஞ்ச பிறகு ஒரு கால் மணி நேரம் இதுக்கு ஒதுக்கலாமான்னு தலைவி அக்காகிட்டக் கேட்டிருக்கேன். தீர்மானத்தில் எழுதலாம்னு சொல்லியிருக்காங்க. விருப்பம் இருக்கிறவங்க ஒரு பழைய நோட்டு கொண்டு வாங்க. பேனா நான் கொண்டு வர்றேன். பின்னாடி சாம்பார் வாசம் வந்தாச்சு, நான் இன்னும் நின்னா நீங்களே இறக்கிவிட்டுடுவீங்க.